இரண்டு காதிலும் ஒரே காற்று

போன வைகாசியில் ஒரு வியாழக்கிழமைப் பின்னேரம் என் பேத்தி என்னை ஒரு பாய்ப்படகுக் கழகத்துக்குக் கூட்டிப்போனாள். காரை ஓட்டியது நான்தான், ஆனாலும் கூட்டிப்போனது அவள். பதினாலு வயது. ஒன்ராறியோ வாவியில் தொட்டில் அளவுப் படகொன்றில் தனியாகப் பாய் விரித்து ஓடப் பழகுகிறாள். அன்றைக்கு உலகம் சுற்றி வந்த ஒரு வயோதிபத் தம்பதியர் படம் காட்டிக் கதைப்பார்களாம். "அப்பப்பா, நீங்களும் வாங்கோ. ஹாபரில பிறந்தனான் எண்டு எப்பவும் சொல்லுறனீங்கள்தானே" என்றாள்.

ஸ்காபரோவின் மண்மலைச் சரிவால் இறங்கினால் வாவிக்கரை. பாய்களைச் சுருட்டி வைத்துவிட்டு மரங்கள் மட்டும் நிற்க, படகுகள் வரிசையாகக் கட்டிக் கிடந்தன. மண்டபத்தில் நாற்பது கதிரை இருக்கும். கோப்பியும் சீஸ் துண்டுகளும். வந்திருந்தவர்களில் பாதிப்பேர் என் வயதுக்காரர். தோலை வெயில் தின்ற வெள்ளைக்காரர்கள்.

இப்படியான பின்னேரங்கள் பாய்ப்படகுக்காரரிடையே பழைய வழக்கமாம். ஆங்கிலேயரான எரிக் ஹிஸ்கொக்கும் மனைவி சூசனும் 1952இலிருந்து 1955 வரை 'வாண்டரர் 3' என்ற முப்பதடிப் படகில் உலகைச் சுற்றினார்கள். திரும்பிவந்து புத்தகம் எழுதினார்கள், படம் காட்டினார்கள். அதைப் பார்த்து எத்தனையோ சோடிகள் வீட்டை விற்றுப் படகு வாங்கின. அன்றைக்கு வந்திருந்தவர்களும் அந்த வரிசையில் வந்தவர்கள்தான். அவர் எழுபத்தைந்தைத் தாண்டியவர். மனைவிக்கு ஒன்றிரண்டு வயது குறைவாக இருக்கலாம். அவர் ஒரு வசனத்தைத் தொடங்குவார், அந்த அம்மா முடித்துவைப்பார். அவர் திகதியைப் பிழையாகச் சொல்ல அம்மா திருத்துவார். கடலில் ஆறு வருசம் இரண்டு பேர் முப்பத்தெட்டு அடிக்குள் வாழ்ந்தால் வசனம்கூடப் பொதுச்சொத்தாகிவிடும் போலிருக்கிறது.

பனாமா, தஹிதி, டார்வின், புக்கெற். நான் அரைக்கண்ணில் பார்த்துக்கொண்டிருந்தேன். புக்கெற்றிலிருந்து மேற்கே வாடைக்காற்றில் ஒன்பது நாள் ஓடி ஓர் ஊருக்கு வந்தோம் என்றார் அவர். மெயின் பாய் நடுவில் கிழிந்திருந்ததாம். அடுத்த ஸ்லைட் விழுந்தது. ஒரு கடல் வரைபடம். கை விரித்ததுபோல் குடாக்கள், இடையிடையே முனைகள், நடுவில் புள்ளி புள்ளியாகத் தீவுகள். எழுத்தை வாசிக்கத் தேவையிருக்கவில்லை. பேத்தியின் முழங்கை என் விலாவில் இடித்தது.

"உங்கட ஊர்!"

அடுத்தது படகிலிருந்து எடுத்த படம். நீருக்கு அப்பால் உட்துறைமுக வீதி. அதற்குப் பின்னால் மரங்களும் கூரைகளும். எழுபது வருசத்தில் நான் அந்தப் பக்கமிருந்து ஊரைப் பார்த்தது மிகக் குறைவு. நான் பார்த்த திருகோணமலையில் எப்போதும் நான் கரையில் நிற்பேன், துறைமுகம் எதிரே கிடக்கும். இந்தப் படத்தில் அது புரண்டிருந்தது. ஒருவரை வாழ்நாள் முழுக்க முகம் பார்த்துப் பழகிவிட்டு, திடீரென்று பிடரியைப் பார்த்தால் எப்படியிருக்கும்!

அதற்கடுத்த ஸ்லைட்டில் ஒரு தையற்கடை. கால்மெசின், அதன்மேல் குவிந்த வெள்ளைப் பாய், பாதி பாய் வெளியே படிக்கட்டில் வழிந்து கிடக்கிறது. தையற்காரரின் தலை மட்டும் தெரிகிறது. நகரத்தில் ஏறி இறங்கி விசாரித்ததில் இவர்தான் துணிந்து முன்வந்தார் என்றார் அம்மா. பள்ளிக்கூடச் சட்டை தைக்கிற மனுசன். இரண்டு நாள் இருந்து தைத்தார். பிறகு அந்தத் தையலைக் கிட்டத்தில் எடுத்த படம். சோடித் தையல், வளைவில்லாமல், கிழிசலின் இரு கரையையும் பிடித்துக்கொண்டு போகிறது.

மண்டபத்தில் கை தட்டினார்கள். நான் தட்டவில்லை. அந்தத் தையல் என்னை வேறெங்கோ கொண்டுபோய் இறக்கிவிட்டிருந்தது.

அப்பா டொக்யார்டில் பாய் தைத்தவர்.

பாய் என்றால் முழுக்கப் பாய்மரப் பாய் அல்ல. அவர் வேலைக்குச் சேர்ந்த 1930களில் பெரிய கப்பல்களில் ஏது பாய்? வெயில் மறைக்கும் கன்வஸ், கப்பலாட்கள் தொங்கிப் படுக்கிற தொட்டில், பீரங்கிக்கும் சிறுபடகுக்கும் உறை. ஆனால் கடற்படை அதிகாரிகள் ஞாயிற்றுக்கிழமைகளில் துறைமுகத்துக்குள் சிறுபடகுகளைப் போட்டி வைத்து ஓட்டுவார்கள். அந்தப் பாய்கள் அப்பாவின் கைக்கு வரும். மற்றதெல்லாம் சம்பளத்துக்குத் தைத்தது. அந்தப் பாய்களை அவர் தன் மனதுக்குத் தைத்தார்.

அவரிடம் ஒரு கைத்தோல் இருந்தது. உள்ளங்கையைச் சுற்றிப் போடுகிற தடித்த மாட்டுத்தோல் பட்டி. பெருவிரலுக்கு ஒரு துளை. பெருவிரலின் அடிச்சதை வருமிடத்தில் வட்டமாக ஓர் இரும்புச் சில்லு, அதில் அம்மைத் தழும்புபோலக் குழிகள். ஊசியின் பின்புறத்தை அந்தக் குழியில் ஊன்றி உள்ளங்கையால் தள்ளுவார். விரலால் தள்ள முடியாது, கன்வஸ் மூன்று மடிப்பு. ஊசியின் முனையும் உருண்டையாக இராது, மூன்று பட்டை வைத்திருக்கும். நூலைத் தேன்மெழுகுக் கட்டியில் இரண்டு முறை இழுத்துவிட்டுத்தான் கோப்பார். வீட்டில் அவர் வந்துவிட்டார் என்பதை வாசலில் செருப்புச் சத்தத்துக்கு முன்னரே மெழுகு வாசம் சொல்லும். ஊசி நீளத்துக்குப் பத்துத் தையல். ஒன்று கூடினால் துணி பலவீனப்படும், ஒன்று குறைந்தால் காற்று பிரிக்கும். இதுதான் அவர் எனக்குச் சொல்லித்தந்த ஒரே கணக்கு.

இருபது வருசத்துக்கு மேலாகப் பாய் தைத்த மனுசன் அந்தக் காலத்தில் ஒருநாளும் பாய் விரித்த படகில் ஏறியதில்லை. அது அவருக்குக் குறையாகவும் தெரியவில்லை. துறைமுகத்தின் நீர் துரைமாருடையது. எங்களுடையது அதன் ஓரம். 1,630 ஹெக்டெயர் நீர்ப்பரப்பு, எந்தப் பெரிய கப்பலும் கரையோடு ஒட்டி நிற்கக்கூடிய ஆழம். சின்ன வயதில் நெல்சன் வந்து பார்த்து வியந்தார் என்றெல்லாம் பள்ளிக்கூடத்தில் படித்தோம். அந்த நீரில் காலை நனைத்ததோடு எங்கள் உரிமை முடிந்தது.

அந்த ஓரத்தில் கதைகளுக்குப் பஞ்சமில்லை. 1942 சித்திரை 9ஆம் திகதி காலை யப்பான்காரன் வந்து குண்டு போட்டான். சீனன்குடாவில் எண்ணெய்த் தாங்கி ஒன்றின்மேல் ஒரு விமானம் விழுந்து எரிந்தது. வெளியே கடலில் 'ஹேர்மீஸ்' என்ற விமானந்தாங்கிக் கப்பல் மட்டக்களப்புப் பக்கம் தாண்டது. ஊர் முழுக்க மூட்டையைக் கட்டிக்கொண்டு உள்நாட்டுக்கு ஓடியது. அப்பா ஓடவில்லை. அவர் பயந்தது இரண்டு வருசம் கழித்து. 1944 ஆவணியில் மிதக்கும் டொக் ஒன்று 'வலியன்ட்' போர்க்கப்பலை ஏற்றும்போது முறிந்து தாண்டது. எதிரி இல்லை, குண்டு இல்லை, பாரம் தாங்காமல் முறிந்தது. "இரும்பும் தையல் மாதிரித்தான் தம்பி. பிரியிற இடத்திலதான் பிரியும்" என்று அப்பா எப்போதும் சொல்லுவார்.

அப்பாவோடு வேலை செய்தவர்களில் ஒருவர் வல்வெட்டித்துறைக்காரர். அவர் சொன்ன கதை எனக்கு இப்போதும் நேற்றுக் கேட்டதுபோல் இருக்கிறது. அவர்கள் ஊரில் கட்டிய 'அன்னபூரணி' என்ற பாய்க்கப்பலை ஓர் அமெரிக்கர் விலைக்கு வாங்கினார். வில்லியம் அல்பேர்ட் றொபின்சன், 'ஸ்வாப்' என்ற சிறுபடகில் முன்னரே உலகைச் சுற்றியவர். தன் மனைவியின் பெயரை வைத்து 'புளோரன்ஸ் சி. றொபின்சன்' என்று மாற்றினார். வல்வெட்டித்துறை மாலுமிகளே ஓட்டிக்கொண்டு போய் 1938 ஆவணியில் அமெரிக்காவின் குளொஸ்ரர் துறையில் சேர்த்தார்கள். இந்தக் கதையைச் சொல்லும்போதெல்லாம் அந்த மனுசன் கடைசியில் ஒரே கேள்வி கேட்பார்: "பேரை மாத்தினா மரம் மறந்துபோகுமோ?" அப்பா ஊசியிலிருந்து கண்ணை எடுக்காமல் சொல்லுவார்: "பாயை ஆர் தைச்சது எண்டு சொல்லு, மிச்சத்தை நான் சொல்லுறன்."

1957 ஐப்பசியில் றோயல் நேவி போய்விட்டது. எனக்கு ஏழு வயது. கொடி இறங்கியதை நான் பார்க்கவில்லை. நான் பார்த்தது அதற்குப் பிந்திய அமைதியை. காலையில் டொக்யார்ட் வீதியால் சைக்கிள்கள் ஆறுபோல் ஓடும். அந்த ஆறு வற்றியது. மலையாளத்துக்காரர்கள், தமிழ்நாட்டுக்காரர்கள் என்று எங்கள் தெருவில் இருந்தவர்கள் ஒவ்வொரு குடும்பமாகப் பெட்டி கட்டினார்கள். அப்பா கைத்தோலையும் ஒரு கட்டுக் கன்வஸ் துண்டுகளையும் வீட்டுக்குக் கொண்டுவந்தார். அந்த வருசம் எங்கள் வகுப்பில் கன்வஸ் புத்தகப்பை வைத்திருந்தவன் நான் ஒருவன்தான். அது இன்றைக்கும் எங்கேயோ பிரியாமல் கிடக்கும்.

கப்பல்கள் போன பிறகுதான் அப்பாவிடம் உண்மையான பாய்கள் வந்தன.

கிண்ணியா, மூதூர்ப் பக்கத்துத் தோணிக்காரர்கள் அதுவரை தங்கள் பாயைத் தாங்களே ஒட்டுப்போட்டார்கள். டொக்யார்டில் தைத்தவர் இப்போது வீட்டில் சும்மா இருக்கிறார் என்று தெரிந்ததும் ஒருவர் வந்தார். நாங்கள் அவரைக் காக்கா என்று கூப்பிட்டோம். கறுத்து ஒடுங்கிய உடம்பு, இடுப்பில் கட்டம்போட்ட சாரன், பேச்சில் எப்போதும் ஒரு சிரிப்பு. காசுக்குப் பதில் தயிர்ச்சட்டி தருவார். கிண்ணியாத் தயிர். சட்டியைக் கவிழ்த்தாலும் விழாது. ஒரு பாய்க்கு ஆறு சட்டி என்று கணக்கு. என் அம்மா அதை ஒரு கடதாசியில் கோடு போட்டு வைத்திருந்தா.

1963 ஆனி மாதம். மூதூரில் ஆருடையதோ கலியாணத்துக்கு அப்பா போகவேண்டும். அன்றைக்கு லோஞ்ச் ஓடவில்லை. தரைவழி என்றால் கிண்ணியாவில் தொடங்கி ஒவ்வோர் ஆற்றுக்கும் ஒரு பாதை. பாதை என்றால் எங்கள் பக்கத்தில் தெருவல்ல, ஆற்றைக் கடக்க வாகனத்தையும் ஆளையும் ஏற்றுகிற மிதவை. ஒவ்வொன்றிலும் காத்திருந்து போய்ச்சேரப் பொழுதுபட்டுவிடும். காக்கா தன் தோணியில் வாங்கோ என்றார். அப்பா தயங்கினார். பிறகு என்னையும் கூட்டிக்கொண்டு ஏறினார். தான் தைத்த பாயின் கீழ் அப்பா இருந்த ஒரே நாள் அது.

விடிய ஏறினோம். கச்சான் காற்று தரையிலிருந்து உலர்ந்து வந்தது. பாயைத் தாங்கும் குறுக்குமரமான பருமலை ஏற்றிப் பாய் நிறைந்ததும் அப்பா தலையைத் தூக்கிப் பார்த்தார். முகத்தில் சந்தோசம் இல்லை, பரீட்சைத்தாள் திருத்துகிற வாத்தியாரின் முகம் அது. மேல்மூலையில் ஒரு சின்னச் சுருக்கம். "அதில ஒரு தையல் இழுத்துப்போட்டுது" என்றார் தனக்குத்தானே. காக்கா சிரித்தார். "ஐயா, காத்துக்கு உங்கட கணக்குத் தெரியாது."

என்னை அணியத்தில் இருத்தினார். கையில் ஒரு கயிற்றைத் தந்து, "இது தாமான். விடு எண்டா விடணும், இழு எண்டா இழுக்கணும். யோசிக்கிறதெல்லாம் கரைக்குப் போய்" என்றார். உட்துறைமுகம் முடிந்து கொட்டியாரக்குடா திறக்கிற இடத்தில் நீரின் நிறம் மாறியது. பச்சை சட்டென்று கருநீலமானது. இந்த இடத்தில் அடி இல்லை என்றார் காக்கா. பின்னாளில் படித்தேன், அங்கே கடலடியில் ஒரு பெரிய பள்ளத்தாக்கு குடாவுக்குள்ளேயே வந்து முடிகிறதாம். காக்கா அதைப் படிக்கவில்லை. ஈயக்குண்டு கட்டிய கயிறு தீர்ந்துபோவதை அவரும் அவர் தகப்பனும் பார்த்திருந்தார்கள்.

அங்கே இரவில் தூண்டில் போட்டுக்கொண்டு கிடக்கும்போது சிலநாள் தோணியின் பலகையில் காதை வைத்தால் ஒரு சத்தம் கேட்குமாம். டக், டக், டக் என்று. "கீழ ஆரோ ஆணி அடிக்கிறான். கப்பல் கட்டுறாங்களோ என்னவோ." எனக்கு உடம்பு சிலிர்த்தது. அப்பா நம்பவில்லை. நான் பலகையில் காதை வைத்து மூதூர் வரும்வரை கிடந்தேன். தண்ணீர் உரசுகிற சத்தம் மட்டும்தான்.

மூதூரில் வெள்ளைக்காரன் மரம் என்று ஒரு புளியமரத்தின் கதை உண்டு. 1659இல் புயலில் பாய்மரம் முறிந்த 'ஆன்' என்ற கப்பல் மரம் மாற்றிக்கொள்ளக் கொட்டியாரத்துக்கு வந்தது. அடுத்த வருசம் கப்பலின் தலைவரையும் மகன் றொபேர்ட் நொக்சையும் கண்டி அரசனின் ஆட்கள் பிடித்துப்போனார்கள். தகப்பன் சிறையிருப்பில் செத்தார். மகன் பத்தொன்பது வருசத்துக்குப் பிறகு தப்பிப்போய் 1681இல் புத்தகம் வெளியிட்டார். அந்தக் கதையைக் கேட்டு அப்பா சொன்னது: "மரம் முறியிறதுக்கு முந்திப் பாயை இறக்கியிருக்கவேணும்." எந்தச் சரித்திரத்தையும் அவர் பாய்க்குள்தான் மடித்து வைப்பார்.

பின்னேரம் திரும்பினோம். கச்சான் நின்று காற்றே இல்லாமல் தோணி ஆடிக்கொண்டு கிடந்தது. காக்கா எழுந்து நின்று கண்ணை மூடினார். தலையை மெல்ல மெல்லத் திருப்பினார். ஒரு பக்கம் போய், கொஞ்சம் மீண்டு, ஓரிடத்தில் நிறுத்தினார். பிறகு கண்ணைத் திறந்து மூக்கு நீட்டிய திசையைப் பார்த்தார். நான் என்ன செய்கிறீர்கள் என்றேன். "ரெண்டு காதிலயும் ஒரே அளவா இரையவேணும். அப்ப உன்ட முகத்துக்கு நேரதான் காத்து." நானும் கண்ணை மூடினேன். முதலில் ஒன்றும் தெரியவில்லை. பிறகு வலக்காதில் ஒரு குளிர். தலையைத் திருப்பத் திருப்ப அது இடக்காதுக்கும் வந்தது. கண்ணைத் திறந்தேன். முன்னால் திறந்த கடல். "கொண்டல்" என்றார் காக்கா. "தாமானை இழு."

வழியில் அவர் ஒவ்வொரு பாறைக்கும் ஒரு பெயர் சொன்னார். ஒவ்வொரு முனைக்கும், ஒவ்வொரு மேட்டுக்கும் பெயர். சில பெயர் சிரிப்பாக இருந்தது. சிலது ஆரோ தாண்டுபோன மனுசரின் பெயர். பதின்மூன்று வயதில் எனக்கு அதைப் பிடித்து வைக்கத் தோன்றவில்லை. ஊர் எங்கே போய்விடப்போகிறது என்று நினைத்திருப்பேன். இன்றைக்கு யோசித்தால் ஒன்றும் வருவதில்லை. வரைபடத்தில் இருக்கிற பெயர்களைத் தூக்கத்தில் எழுப்பினாலும் சொல்வேன்: சோபர் தீவு, பவுடர் தீவு, ஒஸ்ரென்பேர்க். காக்காவின் பெயர்கள் போய்விட்டன. மிச்சம் இருப்பது கயிற்றின் பெயரும் காற்றின் பெயரும்தான்.

1964 மார்கழி 22இல் புயல் வந்தது. தனுஷ்கோடியைக் கடல் கொண்டுபோன அதே புயல் எங்கள் மேலால்தான் போனது. விடிய உட்துறைமுக வீதியில் தோணிகள் கவிழ்ந்தும் குறுக்கும் கிடந்தன. ஓடுகள் இல்லாத வீடுகள், தலையில்லாத தென்னைகள். காக்கா உயிரோடு இருந்தார், தோணி இல்லை. பாய் மட்டும் ஒரு கண்டல் புதரில் சிக்கி இருந்ததாம். அதைச் சுருட்டிக்கொண்டு எங்கள் வீட்டுக்கு வந்து திண்ணையில் வைத்தார். அப்பா அதை விரித்து ஒவ்வொரு தையலாகப் பார்த்தார். துணி நாலு இடத்தில் கிழிந்திருந்தது. தையல் ஓரிடத்திலும் பிரியவில்லை. இருவரும் அதைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். என்ன பேசினார்கள் என்று ஞாபகம் இல்லை. ஒன்றும் பேசவில்லை என்றுதான் நினைக்கிறேன். அதற்குப் பிறகு காக்கா வாங்கியது மோட்டார் வள்ளம். அதற்குப் பாய் தேவையில்லை. அம்மாவின் தயிர்க் கணக்கும் அதோடு நின்றது.

1983 மாசி. எனக்கு முப்பத்துமூன்று வயது, கலியாணமாகிக் கைக்குழந்தை. அப்பாவுக்கு எழுபத்தொன்று. 'ரியூலிப்' என்று ஒரு சின்ன வெள்ளைப் பாய்ப்படகு ஊருக்கு வந்துபோய்க்கொண்டிருந்தது. ஏறக்குறையப் பத்து மீற்றர் நீளம். ஹல் வைற்ஹெட், ஜொனதன் கோர்டன் என்ற ஆராய்ச்சியாளர்களும் அவர்களுடைய கூட்டாளிகளும் அதில் திமிங்கிலங்களைத் தேடி வந்திருந்தார்கள். 1979இல் இந்து சமுத்திரத்தைத் திமிங்கிலச் சரணாலயமாக அறிவித்திருந்தார்கள். அதன் பின் வந்த முயற்சி இது. உயிருள்ள திமிங்கிலத்தைக் கொல்லாமல், தொடாமல், பாய்ப்படகில் சத்தம் போடாமல் பின்தொடர்ந்து படிப்பது. எண்ணெய்த் திமிங்கிலங்களை வால் செட்டையின் ஓரத்திலுள்ள வெட்டுகளை வைத்து ஆளாளாக அடையாளம் கண்டார்கள். நீருக்குள் ஒலிவாங்கியை இறக்கிக் காதில் மாட்டிக்கொண்டு இரவும் பகலும் கேட்டார்கள்.

என்ன கேட்டார்கள் என்பதை நான் அறிந்தது வருசங்களுக்குப் பிறகு, இந்தக் குளிர்நாட்டு நூலகத்தில். எண்ணெய்த் திமிங்கிலம் ஆழத்தில் இரை தேடும்போது நொடிக்கு ஒன்றிரண்டாக டக் டக் என்று ஒலி எழுப்பும். அந்தக் காலத்துத் திமிங்கில வேட்டைக்காரர் அதைக் கப்பல் பலகை வழியாகக் கேட்டு 'தச்சன் மீன்' என்று பெயர் வைத்தார்களாம். வாசித்துவிட்டுப் புத்தகத்தை மூடிவிட்டேன். கீழே ஆணி அடிப்பது ஆர் என்று காக்காவுக்குச் சொல்ல அப்போது அவர் இல்லை.

ஆனால் அந்த மாசியில் எங்களுக்கு இதெல்லாம் தெரியாது. அப்பா தினமும் பின்னேரம் உட்துறைமுக வீதிக்கு நடந்துபோவார். படகு நின்றால் அதன் பாயைப் பார்ப்பார். ஒருநாள் வந்து சொன்னார்: "கன்வஸ் இல்லை. நைலோனோ ஏதோ. தையலும் மெசின்." கொஞ்சம் யோசித்துவிட்டு, "ஆனா நல்ல மெசின்" என்றார். வாழ்க்கையில் அவர் ஒரு மெசினுக்குக் கொடுத்த ஒரே நற்சான்றிதழ்.

பிறகு ஆடிக் கலவரம் வந்தது. அந்த ஆடியைப் பற்றித் தமிழில் எழுதாத ஆளில்லை, நான் கூட்டுவதற்கு ஒன்றுமில்லை. எங்கள் தெருவும் எரிந்தது. நாங்கள் எடுத்தது குழந்தையையும் ஒரு சூட்கேசையும். அப்பாவின் தகரப்பெட்டி கட்டிலுக்குக் கீழ் இருந்தது. அதற்குள்தான் கைத்தோல், மெழுகுக் கட்டி, மூன்றுபட்டை ஊசிகள். எடுக்கச் சொல்லி அவரும் சொல்லவில்லை. எனக்கும் நினைவு வரவில்லை. அடுத்த வருசம் யாழ்ப்பாணத்தில் ஓர் உறவினர் வீட்டு விறாந்தையில் அவர் போனார். கடைசி நாள்களில் வலது உள்ளங்கையால் போர்வையைத் தள்ளிக்கொண்டே இருந்தார். பார்த்தவர்களுக்குப் புரியவில்லை. எனக்குப் புரிந்தது.

அதே 1983 ஐப்பசியில் இலங்கைக் கடலில் ஓர் எண்ணெய்த் திமிங்கிலம் குட்டி போட்டதை லிண்டி வைல்கார்ட்டும் வைற்ஹெட்டும் நேரில் கண்டு பின்னர் எழுதினார்கள். இவர்களும் தம்பதியர்தான். கனடாவின் ஹலிபக்ஸ் நகரத்தில் இருந்துகொண்டு, பிள்ளைகளையும் ஏற்றிக்கொண்டு, இன்னொரு பாய்ப்படகில் திமிங்கிலங்களைத் தொடர்ந்தவர்கள். அந்தக் கட்டுரையை வாசித்தபோது நான் முதலில் பார்த்தது மாதத்தைத்தான். நாங்கள் அகதிமுகாமில் வரிசையில் நின்ற மாதம். அவர்கள்மேல் கோபம் வரவில்லை. தெருவில் நடந்ததைக் கடல் அறியவில்லை, கடலில் நடந்ததை நாங்கள் அறியவில்லை. அவ்வளவுதான். நாலு மைல் தள்ளி எங்கள் நீரில் உலகத்தின் மிகப் பெரிய உயிர்களில் சில மூச்சு விட்டுக்கொண்டிருந்தன. அதை அறிய ஆரோ எங்கேயோ இருந்து பாய் விரித்து வரவேண்டியிருந்தது.

மண்டபத்தில் விளக்குப் போட்டார்கள். கேள்வி நேரம். கடற்கொள்ளையர், குடிதண்ணீர், எத்தனை பேர் படகில் சண்டை பிடித்துப் பிரிந்தார்கள் என்ற வழக்கமான கேள்விகள். திடீரென்று பக்கத்தில் ஒரு கை உயர்ந்தது. எனக்குத் தடுக்க நேரம் கிடைக்கவில்லை. "என்ட அப்பப்பா திருகோணமலை" என்று ஆங்கிலத்தில் சொல்லிவிட்டாள். நாற்பது தலைகள் திரும்பின.

மேடையிலிருந்த அம்மா முகம் மலர்ந்து கேட்டார்: "அப்படியானால் அந்தத் துறைமுகத்தில் பாய் ஓட்டி வளர்ந்திருப்பீர்கள்?"

"ஒருமுறை" என்றேன்.

எல்லோரும் சிரித்தார்கள். நகைச்சுவை என்று நினைத்துவிட்டார்கள். நானும் சிரித்தேன்.

முடிந்ததும் அந்த அம்மா தேடி வந்தார். தோளில் ஒரு வெள்ளைப் பை. கிழிந்த பாயின் வெட்டித்தள்ளிய துண்டில் அந்தத் தையற்காரர் சும்மா தைத்துத் தந்ததாம். தொட்டுப் பார்க்கலாமா என்று கேட்டேன். பையைக் கழற்றித் தந்தார். ஓரத்தில் பெருவிரலை வைத்து நகர்த்தினேன். மெசின் தையல். ஊசி நீளத்துக்கு எத்தனை என்று எண்ண என்னிடம் ஊசி இல்லை. சுட்டுவிரலை வைத்து எண்ணினேன். கணக்கு ஒத்துவரவில்லை, ஒத்துவரவும் தேவையில்லை. பள்ளிக்கூடச் சட்டை தைக்கிற மெசின் அதற்கென்று ஒரு கணக்கு வைத்திருக்கும். ஆனால் தையல் முடிகிற மூலையில் அந்த மனுசன் மெசினை விட்டுவிட்டுக் கையால் மூன்று குத்துக் குத்தி முடிச்சை உள்ளே மறைத்திருந்தார். அப்பாவும் முடிச்சை உள்ளேதான் வைப்பார். வெளியே வைத்தால் காற்று நோண்டும் என்பார்.

"நல்ல தையல்" என்று பையைத் திருப்பிக் கொடுத்தேன். "என் தகப்பனார் பாய் தைத்தவர்." அந்த அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு ஒன்றும் கேட்காமல் நின்றார். கடலில் இருந்தவர்களுக்கு எப்போது பேசக்கூடாது என்று தெரிகிறது.

வெளியே வந்தோம். கட்டிக் கிடந்த படகுகளின் கயிறுகள் அலுமினிய மரங்களில் டக், டக் என்று அடித்துக்கொண்டிருந்தன. வாவியிலிருந்து குளிராக ஒரு காற்று. பேத்தி காருக்குப் போகாமல் படகுமேடையின் ஓரத்துக்குப் போனாள். நாளை விடிய அவளுக்குப் பயிற்சி. கண்ணை மூடினாள். தலையை மெல்லத் திருப்பினாள். கொஞ்சம் தாண்டிப் போய், மீண்டு, ஒரு திசையில் நிறுத்தினாள்.

எனக்கு மூச்சு நின்றது. "ஆர் பிள்ளை உனக்கு இதைச் சொல்லித்தந்தது?"

"எங்கட கோச். ரெண்டு காதிலயும் ஒரே மாதிரிக் கேக்கவேணும். அப்ப காத்து நேர முன்னால." கண்ணைத் திறந்து கையை நீட்டினாள். "அங்க இருந்து. கிழக்கு."

நான் அவளுக்குப் பக்கத்தில் போய் நின்று கண்ணை மூடினேன். வலக்காது கொஞ்சம் மந்தம், அதற்குத் தக்கபடி திருப்பவேண்டியிருந்தது.

"இதுக்கு ஒரு பேர் இருக்கு" என்றேன். "கொண்டல்."

"கொண்டல்" என்று சொல்லிப் பார்த்தாள். ள வந்தது, ல வரவில்லை. நான் திருத்தவில்லை. நாளைக்கு அவள் அந்தக் காற்றில் ஓடப்போகிறாள். கயிற்றின் பெயரைக் காரில் போகும்போது சொல்லலாம்.